தண்ணீர் ஊற்றாத சாமியார்

அந்த மனிதரை அடக்கம் செய்து நாலு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் ஆளாளுக்குப் புகழ ஆரம்பித்துவிட்டார்கள். ஞானி என்கிறார்கள், மேதை என்கிறார்கள், பினாங்குக்கே பெருமை என்கிறார்கள். அவர் உயிரோடு இருந்தபோது அவர் பூசை வேண்டாம் என்று வேறு கோயிலுக்குக் காரை எடுத்துக்கொண்டு ஓடினவர்களெல்லாம் இப்போது கைக்குட்டையால் கண்ணைத் துடைக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆறு வருஷமாக அவரை முகத்துக்கு நேராகத் திட்டினவள் நான். அவரைப் பற்றிப் பேச என்னைவிட யோக்கியதை இவர்களில் யாருக்கு இருக்கிறது?

நான் ஜெலுத்தோங் பசாரில் இடியப்பம் விற்கிறவள். சாமியாரைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன படிப்பு இருக்கிறது என்று கேட்கலாம். ஒரு படிப்பும் இல்லை. அவர்தான் படித்தவர். ரோமாபுரியில் எட்டு வருஷம் இருந்து, இப்போது யாரும் பேசாத பாஷைகளையெல்லாம் கற்றுக்கொண்டு வந்தவர். கிறிஸ்தவர்கள் முதல் நானூறு வருஷம் எப்படிக் கும்பிட்டார்கள் என்பதுதான் அவர் படிப்பு. எந்தத் திசையைப் பார்த்து நின்றார்கள், அப்பத்தை யார் சுட்டுக்கொண்டு வந்தார்கள், யாரை உள்ளே விட்டார்கள், யாரை வாசலில் நிறுத்தினார்கள், எல்லாம் அவருக்கு அத்துப்படி. வெளிநாட்டுப் பேராசிரியர்கள் சந்தேகம் கேட்டு அவருக்குக் கடிதம் எழுதுவார்கள். அவரோ கிழிந்த செருப்போடு ஒரு பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளில், முன்கூடையில் புத்தகங்களை பிளாஸ்டிக் பையில் சுற்றிப் போட்டுக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே வந்துகொண்டிருப்பார்.

ஆள் நல்ல உயரம். குனிந்தே படித்ததில் முதுகு வளைந்துவிட்டது. சட்டைப் பையில் நாலு பென்சில். பேனா வைத்துக்கொள்ள மாட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "நாளைக்கே வேற ஆதாரம் கெடைச்சா அழிக்கணும்லமா" என்றார். அப்படிப்பட்ட ஆள்.

"எப்போலருந்து?" இதுதான் அவர் வாயில் எப்போதும் வரும் வார்த்தை. கோயில் பேரவைத் தலைவர் ஒருவர் உண்டு. கார் சாமான் கடை வைத்திருக்கிறவர், வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தானைப் போடாதவர். திருநாள் தேருக்கு ஒலிபெருக்கி வைப்பதைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவர், "இது நம்ம பாரம்பரியம் ஃபாதர்" என்றார்.

"எப்போலருந்து?"

"எங்கப்பா காலத்துலருந்து லா."

"உங்கப்பா எந்த வருஷம் பொறந்தாரு?"

கூட்டத்தில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கு விழுந்த பகை கடைசிவரை தீரவில்லை. சாமியாருக்கு அது பகை என்றே தெரியாது. பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருப்பார். பதில் கிடைத்திருந்தால் பென்சிலை எடுத்துக் குறித்தும் வைத்திருப்பார்.

பொய் சொல்ல அவருக்கு வராது. எதிரே இருப்பவர் மனம் குளிர ஒரு வார்த்தை, ஊருக்கே வருமே, அதுகூட வராது. என் கடையில் நின்று இடியப்பம் சாப்பிட்டுவிட்டு, நாலு பேர் காது கேட்க, "இன்னிக்கு ஒட்டுதும்மா" என்பார். மகனை ஆஸ்பத்திரியில் போட்டிருந்த ஒரு தாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பொழைச்சுக்குவான்ல ஃபாதர்?" என்று கேட்டாள். வேறு சாமியாராக இருந்தால் ஆண்டவர் கைவிட மாட்டார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். இவர், "எனக்குத் தெரியாதும்மா" என்றார். சொல்லிவிட்டு மூன்று நாள் அந்த வார்டு வராந்தாவிலேயே கிடந்தார். பையன் பிழைத்துக்கொண்டான். அந்தத் தாய் இன்றுவரை, "அவரு ஒரு நல்ல வார்த்த சொல்லல பாத்தியா" என்றுதான் சொல்கிறாள்.

என் வீட்டுக்காரருக்கு அவரை எப்படிப் பிடித்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். எங்களுடையது மாரியம்மனைக் கும்பிடும் குடும்பம். வீட்டுக்காரர் பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறை என்கிற ஊரில் ஒரு ஃபேக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். ஓட்டுகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் குடி. ஒருநாள் பாலத்து மோட்டார் பாதையில் போதையில் விழுந்து, தோளெலும்பு முறிந்து, கூட வேலை செய்த ஒரு தம்பி அவரை இந்தச் சாமியாரிடம் கூட்டிக்கொண்டு போனான். புத்திமதி சொல்லுவார் என்று எதிர்பார்த்துப் போயிருக்கிறார்கள். சாமியார் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "டைல்ஸ் ஒட்டத் தெரியுமா?" என்று கேட்டாராம்.

தெரியும். ஃபேக்டரிக்குப் போவதற்கு முன் அதுதான் இவருக்குத் தொழில். சாமியார் அப்போது கோயில் வளாகத்தில் ஒரு தொட்டி கட்ட ஆரம்பித்திருந்தார். பழைய காலத்தில் ஞானஸ்நானம் கொடுத்த தொட்டி மாதிரியே, சிலுவை வடிவில், ஒரு பக்கம் மூன்று படி இறங்கி மறுபக்கம் மூன்று படி ஏறுவதுபோல. பேரவைத் தலைவர் அதற்குக் குளியல் தொட்டி என்று பெயர் வைத்து ஊரெல்லாம் சிரித்தார். தோள் ஆறினதும் என் வீட்டுக்காரர் எட்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அதற்கு டைல்ஸ் ஒட்டினார். நீலமும் வெள்ளையும். நான் சோறு கட்டிக்கொண்டு போவேன். எத்தனையோ பேர் சொல்லிக் கேட்காத மனிதர், அந்த எட்டு வாரத்தில் தானாகக் குடியை விட்டார். எப்படி என்று கேட்டால், "கை நடுங்குனா டைல்ஸ் கோணலாப் போவுது, அதான்" என்பார். ஒழுகுகிறதா என்று பார்க்கத் தண்ணீர் விட்டபோது காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டார். சாமியார் ஓடி வந்தார்.

"ஏறுங்க, ஏறுங்க! உங்களுக்கு இன்னும் நாள் வரல!"

"எப்ப வரும் ஃபாதர்?"

"மூணு வருஷம்."

நான் விளையாட்டு என்று நினைத்தேன். மூணு வருஷம் என்றால் மூணு வருஷமேதான். அந்தக் காலத்தில் அப்படித்தான் வழக்கமாம். வருகிறவனை மூன்று வருஷம் கேட்கவைப்பார்கள், பழக்குவார்கள், பிறகு ஈஸ்டர் அன்றைக்குத்தான் தண்ணீரில் இறக்குவார்களாம். மற்ற கோயில்களில் ஒரு வருஷத்துக்குள் முடிகிற விஷயம். நாங்கள் இரண்டு பேரும் பெயர் கொடுத்தோம். ஞாயிறுதோறும் பிரசங்கம் முடிந்ததும் எங்களைப் போலக் காத்திருப்பவர்களை எழுந்து நிற்கச் சொல்லி, தலையில் கைவைத்து, வேதபாடம் சொல்லித்தருகிற உபதேசியாரோடு வெளியே அனுப்பிவிடுவார். அப்பம் கொடுக்கிற பகுதிக்கு நாங்கள் இருக்கக் கூடாது. முதல் வாரம் எனக்கு மானமே போய்விட்டது.

"வெளிய அனுப்புறதுக்கு எதுக்கு ஃபாதர் உள்ள கூப்பிடுறீங்க? பந்தியிலருந்து எழுப்பிவிடுற மாதிரில்ல இருக்கு?"

"பசிக்கட்டும்மா" என்றார்.

என் வீட்டுக்காரருக்கு அது பிடித்திருந்தது. கோயிலுக்குப் பின்னால் கார் நிறுத்துகிற இடத்தில் நின்று உள்ளே பாடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்குப் பசித்தது, உண்மையாகவே. எனக்கு அவரைப் பார்த்துத்தான் பசித்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதுதான் முக்கியம். உபதேசியார் எங்களுக்குப் பழைய கேள்வி பதில் புத்தகத்தை வைத்துச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். ஊர்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்த சின்னப் புத்தகம் அது. சாமியார் ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டினார். "இந்தக் கேள்வி பதில் பழக்கம் வந்து நானூறு வருஷம் இருக்கும். அதுக்கு முன்னால ஆயிரத்து ஐநூறு வருஷம் ஜனங்க இது இல்லாம எப்படி விசுவசிச்சாங்க?" கட்டுக் கட்டாக எல்லாவற்றையும் பழைய பேப்பர் எடுக்கிறவனிடம் போட்டுவிட்டார். எனக்குச் சந்தோஷம். மனப்பாடம் என்றாலே எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து பயம். அதற்குப் பதிலாக அவரே வாரம் தவறாமல் பாடம் எடுத்தார். தண்ணீரிலிருந்து ஏறி வந்தவனுக்குப் பாலும் தேனும் கலந்து கொடுத்தது, வெள்ளை உடுப்பு, எண்ணெய் பூசுவது, இருட்டைப் பார்த்துத் திரும்பி நின்று சாத்தானை விட்டேன் என்று சொல்வது, எல்லாம் கதை மாதிரி சொல்வார். நேரம் போவதே தெரியாது. இவ்வளவையும் சொன்ன மனிதர் ஒன்றே ஒன்றைச் சொல்லாமல் விட்டார்.

மூன்றாவது வருஷம், தவக்காலம் தொடங்குகிற சமயத்தில், வீட்டுக்காரருக்கு வயிறு வீங்கியது. ஈரல். குடியை விட்டாலும் குடி அவரை விடவில்லை. டாக்டர் மூன்று மாதம் சொன்னார். நான் நேரே சாமியாரிடம் போனேன்.

"இப்பவே குடுத்துடுங்க ஃபாதர்."

"டாக்டர் மூணு மாசம் சொல்லியிருக்காரு. ஈஸ்டருக்கு இன்னும் நாப்பது நாள்கூட இல்லம்மா. எல்லாரோடயும் சேந்து அந்தத் தொட்டியில இறங்கட்டும். அவரு கட்டுன தொட்டி."

இவரும் அதையே பிடித்துக்கொண்டார். "நானே படி எறங்கணும்டி. படுத்துக்கிட்டு வாங்குறதா?" இரண்டு ஆண்பிள்ளைகளும் ஒரே பேச்சு. நான் என்ன செய்ய? நானும் சரியென்றேன். இதில் என் பங்கும் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை.

ஈஸ்டருக்கு ஒன்பது நாள் இருக்கும்போது காலையில் ரத்தமாக வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பிற்பகலில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வரவேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்றார். நான் சாமியாருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். பாலத்துக்கு அப்பால் தாசேக் கெலுகோரில் ஒரு சின்னக் கோயிலில் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறார். பாடம் எடுக்கும்போது போனை அணைத்துவிடுவது அவர் வழக்கம். நான் பதினேழு தடவை அடித்தேன். கடைசியில் உபதேசியார் அங்கே யாரையோ பிடித்துச் செய்தி சொன்னார்.

அந்த முக்கால் மணி நேரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? கட்டில் பக்கத்து மேசையில் ஒரு டம்ளர் தண்ணீர். அதில் பஞ்சை நனைத்து அவர் உதட்டில் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை கண்ணைத் திறந்து, "ஃபாதர் வந்துட்டாரா?" என்றார். "வந்துக்கிட்டே இருக்காரு" என்றேன். மறுபடி பஞ்சை நனைத்தேன். தண்ணீர் என் கையில் இருந்தது. என் கையிலேயே இருந்தது.

மூன்று ஐம்பதுக்கு அவர் போனார். நாலு இருபதுக்குச் சாமியார் வந்தார். பாலத்தில் நல்ல மழை. தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட, மூச்சு வாங்க, கட்டில்மேல் கிடந்தவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அழாதீர்கள் என்று சொல்லவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை.

"ஊத்துனீங்களா?" என்று கேட்டார்.

"என்னத்த?"

"தண்ணி. ஞானஸ்நானம். நீங்க ஊத்துனீங்களா?"

"நான் எப்படி ஊத்துறது? நீங்க வருவீங்கன்னுதானே..."

"ஆபத்து நேரத்துல யார் வேணும்னாலும் ஊத்தலாமேம்மா."

"நானே இன்னும் வாங்கலியே!"

"வாங்காதவங்களும் ஊத்தலாம். குடுக்கணும்ங்கிற எண்ணம் இருந்தாப் போதும். தலையில தண்ணிய ஊத்தி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேரால ஞானஸ்நானம் தர்றேன்னு..." சொல்லிக்கொண்டு வந்தவர் நின்றுவிட்டார்.

அந்த வார்டில் ஒரு வயதான தமிழ் மிஸ்ஸி இருந்தாள், நர்ஸம்மா, கோயிலுக்குப் போகிறவள். அவள் ரொம்பச் சாதாரணமாக, "சின்னப் புள்ளையில எல்லாரும் படிச்சதுதானே அக்கா, அந்தக் கேள்வி பதில் புத்தகத்துல. உங்களுக்கு யாரும் சொல்லித் தரலியா?" என்றாள்.

சாமியார் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். எனக்கு விளங்குவதற்கு முன்னாலேயே அவருக்கு விளங்கிவிட்டது. அரை நிமிஷ வேலை. ஒரு பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். பாலும் தேனும் சொன்ன மனிதர் எனக்கு அதைச் சொல்லவில்லை.

"அப்ப இப்ப ஊத்துங்க" என்றேன். "ஒடம்பு இன்னும் சூடா இருக்கு. தொட்டுப் பாருங்க."

அவர் தொட்டுப் பார்த்தார். டம்ளரைக் கையில் எடுத்தார். மிஸ்ஸியும், "உயிர் இருந்தால்னு சொல்லி ஊத்துங்க ஃபாதர். மத்த ஃபாதருங்க ஊத்துவாங்க" என்றாள்.

"எத்தன மணிக்குப் போனாரு?"

"மூணு அம்பது. டாக்டர் பாத்து எழுதிட்டாரு."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "செத்தவங்களுக்கு ஊத்துறதில்லம்மா" என்றார். ஆப்பிரிக்காவில் அந்தக் காலத்திலேயே ஆயர்கள் கூடி, பிணத்துக்கு ஞானஸ்நானம் கூடாதென்று தடுத்துவிட்டார்களாம். என் புருஷன் பிணமாகக் கிடக்கிறார், இவர் எனக்கு ஆப்பிரிக்காவைச் சொல்கிறார்! அந்த டம்ளரை எடுத்து அவர் முகத்தில் வீசி ஊற்றினேன். மிஸ்ஸி அலறிவிட்டாள். அவர் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. ஏற்கனவே நனைந்த ஆள், அப்படியே நின்றார்.

யாருக்குத் தெரியப்போகிறது? நாலு சொட்டு ஊற்றியிருந்தால் வானம் இடிந்து விழுந்திருக்குமா? கட்டிக்கொண்டவள் கண்முன்னால் கெஞ்சுகிறாள், ஒரு பாவனைக்காவது ஊற்றக் கூடாதா? இதை நான் ஆறு வருஷம் கேட்டேன்.

மறுநாள் பேரவைத் தலைவர் வந்தார், வெள்ளைச் சட்டையோடு. ஞானஸ்நானம் வாங்காதவரைக் கோயில் கல்லறையில் வைக்க முடியாது, சுடுகாட்டுக்குக் கொண்டுபோங்கள், அதுதான் பழக்கம் என்றார். சாமியார் வழக்கமான கேள்வியைக் கேட்பார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். கேட்கவில்லை. கத்தினார். அந்த மனிதர் குரல் உயர்ந்து அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. "வாசல்ல காத்திருந்தவனும் என் ஜனம்தான்யா! அவனுக்கு எடமில்லன்னா எனக்கு வச்சிருக்கிற குழியில போடு!" தலைவர் கோயில் கல்லறையில் குழி வெட்ட ஆளனுப்பினார்.

அடக்கப் பிரசங்கத்தில் சாமியார் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, ஊற்றத் தெரியாமல் போனதற்கு இந்த அம்மா காரணமில்லை, நான் சொல்லித் தரவில்லை, குற்றம் என்னுடையது. கோயில் நிறைய ஜனத்துக்கு முன்னால், ஒரு மழுப்பல் இல்லாமல் சொன்னார். இரண்டாவது, பழைய காலத்தில் ஒரு சக்கரவர்த்தி ஞானஸ்நானத்துக்குக் காத்திருக்கும்போதே செத்துப்போனார், கேட்டது அவருக்குக் கிடைத்துவிட்டது என்று அவரை அடக்கம் செய்த ஆயர் சொன்னார். இவருக்கும் அப்படித்தான், கேட்டது கிடைத்துவிட்டது, தண்ணீர் தேவைப்படவில்லை.

நான் எழுந்து நின்றுவிட்டேன். பிரசங்கத்தின் நடுவில்தான்.

"அது சக்கரவர்த்தி ஃபாதர். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுனவனுக்கும் அது செல்லும்னு எவன் எழுதி வச்சான்?"

அவர் என்னைப் பார்த்தார்.

"செல்லும்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

அவ்வளவுதான். அந்த வருஷ ஈஸ்டருக்கு நான் போகவில்லை. அடுத்ததற்கும் போகவில்லை. கூடப் பெயர் கொடுத்தவர்கள் எல்லாரும் அந்தத் தொட்டியில் இறங்கி ஏறிவிட்டார்கள். நான் பசாரில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தேன். மாதம் ஒருமுறை கப்சாய் வந்து கடை முன்னால் நிற்கும்.

"இந்த ஈஸ்டருக்கு வர்றீங்களா?"

"அன்னிக்கு ஊத்தியிருக்கணும்னு சொல்லுங்க, வர்றேன்."

"சொல்லித் தராதது தப்பு. ஊத்தாதது தப்புன்னு சொல்ல முடியாதும்மா."

"அப்ப என்னாலயும் வர முடியாது. எத்தன இடியப்பம்?"

"மூணு."

நான் திட்டுவேன். பசாரே வேடிக்கை பார்க்கும். கல் நெஞ்சன் என்றேன், புத்தகப் பூச்சி என்றேன், கட்டிக்கொள்ளாதவனுக்குக் கட்டினவள் வலி எப்படித் தெரியும் என்றேன். நின்று கேட்பார். சாப்பிட்டு முடித்துக் காகிதத்தை மடித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, "இன்னிக்கு நல்லா வந்திருக்கு" என்றோ, "உப்பு தூக்கல்" என்றோ, எது உண்மையோ அதைச் சொல்லிவிட்டுப் போவார். புதிதாகப் பெயர் கொடுக்கிறவர்களுக்கு முதல் நாள் முதல் பாடமே டம்ளரில் தண்ணீர் எடுத்து ஊற்றிக் காட்டுவதுதான் என்றும், ஏன் என்று தன் தப்பைச் சொல்லியே ஆரம்பிக்கிறார் என்றும் உபதேசியார் வந்து சொன்னார். மூணு வருஷத்தையும் ஒரு வருஷமாகக் குறைத்துவிட்டாராம். நல்லது, எனக்கென்ன வந்தது என்றேன்.

இதற்கிடையில் அவர் இருபது வருஷமாக எழுதிக்கொண்டிருந்த புத்தகம் வெளிநாட்டில் அச்சாகி வந்தது. பழைய காலத்தில் கோயில் வாசலில் காத்திருந்தவர்களைப் பற்றியது. பெரிய விழா எடுத்தார்கள். அதே பேரவைத் தலைவர் பொன்னாடை போர்த்தினார். நானும் போயிருந்தேன், பின்வரிசையில். காத்திருந்து செத்தவன் ஒருவன் ஜெலுத்தோங் ஃப்ளாட்டில் இருந்தானே, அவனைப் பற்றி ஒருவனும் ஒரு வார்த்தை பேசவில்லை. சாமியாருக்கு ரோமாபுரியில் பேராசிரியர் வேலை கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று மேடையில் அறிவித்தார்கள். பலத்த கைதட்டல். ஆளை அனுப்பிவிடலாம் என்று பாதிப் பேருக்குச் சந்தோஷம். அவர் எழுந்து, போகப் போவதில்லை என்று ஒரே வரி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அடுத்த மாதமும் வந்து மூணு இடியப்பம் வாங்கினார்.

இந்தத் தவக்காலத்தின் நடுவில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வயதான சாமியார்கள் இருக்கிற வீட்டில் கிடத்தியிருந்தார்கள். ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார். போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் போனேன். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் பேச முயன்றார். ஒவ்வொரு எழுத்தாகத்தான் வந்தது.

"அன்னிக்கு... ஊத்தியிருக்கணும்மா."

ஆறு வருஷம் இதற்காகத்தான் சண்டை போட்டேன். கிடைத்துவிட்டது. சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஊற்றியிருக்க வேண்டும் என்றால் என்ன அர்த்தம்? என் மனுஷனுக்கு அது தேவைப்பட்டது என்றுதானே? அது கிடைக்காமலே போய்விட்டார் என்றுதானே? ஆறு வருஷமும் நான் ராத்திரி கண்மூடியது எதை நம்பி? மனம் குளிர ஒரு பொய் சொல்ல வராத மனிதர், செல்லும் என்று சொன்னாரே, அதை நம்பி. இவருக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்ததால்தானே டம்ளரைக் கீழே வைத்தார் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது. எனக்கு வெறியே வந்துவிட்டது.

"யாரக் கேட்டு இப்ப மாத்திச் சொல்றீங்க?" என்று கத்தினேன். "தண்ணி தேவைப்படலன்னு சொன்னீங்கல்ல? கோயில் பூரா கேக்கச் சொன்னீங்கல்ல? நான் திட்டுனேன்னா? நான் திட்டுனா நீங்க மாத்துவீங்களா? அந்த வார்த்தைய வாபஸ் வாங்குங்க ஃபாதர்! இப்பவே வாங்குங்க!"

வெளியிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அவர் இடது கையைத் தூக்கி அவர்களைப் போகச் சொன்னார். தலையை ஆட்டினார்.

"அவருக்கு... தேவைப்படல. அது அப்படியேதான்."

"பின்ன என்ன?"

"உங்களுக்கு. நீங்க நின்னீங்கல்ல... அங்க. உங்களுக்காக... ஊத்தியிருக்கணும்."

நான் உட்கார்ந்துவிட்டேன். இதை அன்றைக்கே அந்தக் கட்டில் பக்கத்தில் யோசித்துத் தொலைத்திருக்கலாமே மனுஷன்! முதல் நானூறு வருஷத்தில் நின்றவர்களையெல்லாம் தெரிந்து வைத்திருந்தாரே, எதிரே நின்றவளைத் தெரிந்துகொள்ள ஆறு வருஷமா வேண்டும்? அழுதேன். கோபத்தில்தான் அழுதேன். அவர் கண்ணிலிருந்தும் வடிந்தது. துடைக்கப் பழக்கத்தில் வலது கையைத்தான் தூக்கப் பார்த்தார், அது எழவில்லை. என் முந்தானையால் நானே துடைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஐந்து நாள் இருந்தார்.

அடக்கம் முடிந்து எல்லாரும் கலையும்போது, புதிதாக வந்திருக்கிற இளம் சாமியார் என்னிடம் வந்தார். உபதேசியார் எல்லாவற்றையும் சொல்லியிருப்பார் போல.

"அக்கா, ரொம்ப வருஷமாக் காத்திருக்கீங்களாம். வர்ற ஞாயித்துக்கெழமையே குடுத்துடலாம் அக்கா. எதுக்கு இழுக்கணும்?"

"ஈஸ்டருக்கு வர்றேன் ஃபாதர்."

"இன்னும் ரெண்டு வாரத்துக்கு மேல இருக்கே. நடுவுல உங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிட்டா?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"ஆனா ஆவட்டும். ஜெலுத்தோங் பசாருக்கு வந்து பாருங்க. மீன் விக்கிற சீனத் தாத்தாலருந்து பூ கட்டுற அக்கா வரைக்கும் எல்லாருக்கும் ஊத்தத் தெரியும். ஆறு வருஷமா நாந்தான் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கேன்."